இரண்டாவது கையெழுத்து

மனைவி கண்ணாடி போட்டிருக்கிறாள் என்பதைக் கழுகு டாக்டர் கவனித்தபோது, அவள் அதைப் போட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

காலை நேரம். சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் வந்த தபால்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப வாங்கின?" என்றார்.

"எது?"

"கண்ணாடி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிண்டல் செய்கிறாரா, நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

"இது ரெண்டாவதுங்க. முதல்ல வாங்கினது மேல நீங்கதான் உக்காந்து உடைச்சீங்க. அதுவே ஆச்சு ஒரு வருஷம்."

"நானா?"

"சோபாவுல வச்சிருந்தேன். நசுங்கின சத்தம் கேட்டு, என்னமோ குத்துதுன்னு எந்திரிச்சுப் போயிட்டீங்க."

இத்தனைக்கும் அவர் பிழைப்பே கண்ணை வைத்துத்தான். நோயாளியின் உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த சதையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி அனுப்புவார்கள். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது புற்றுநோய், இது வெறும் புண் என்று சொல்ல வேண்டியது அவர் வேலை. ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரிகள் முக்கால்வாசி அவருடைய லேபுக்குத்தான் ஸ்லைடு அனுப்பின. அவர் சொன்னால் சொன்னதுதான். கழுகு என்று பேர் வைத்தவர்கள் அவரிடம் வேலை பார்த்த சின்னவர்கள். பாதி மரியாதை, பாதி வயிற்றெரிச்சல். அவர் முழுசையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

லேபில் அவர் போட்ட சட்டங்கள் மூன்று. முதலாவது, ஸ்லைடில் நம்பர் மட்டும்தான் இருக்கும். வயது, ஆணா பெண்ணா, எந்த உறுப்பு, என்ன தொந்தரவு, அவ்வளவு போதும். பேர் டைப்பிஸ்ட் அம்மாவோடு நின்றுவிடும். "பேர் தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்" என்பார். தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் ஸ்லைடு என்றால் தொடவே மாட்டார்.

இரண்டாவது சட்டம் ரிஜிஸ்டரில் இருந்தது. ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒருவர் பார்த்து ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். அவர் என்ன சொன்னார் என்று தெரியாமல் இன்னொருவர் பார்த்து அடுத்த கட்டத்தில் போட வேண்டும். இரண்டும் விழாமல் ரிப்போர்ட் வெளியே போகாது.

மூன்றாவதற்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். அதற்கு வெள்ளிக்கிழமைப் பூசை என்று பேர். யாராவது ஒரு ஸ்லைடில் நோயைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற பெரிய மைக்ராஸ்கோப்பில் அந்த ஸ்லைடை வைப்பார். யார் விட்டது என்று சொல்ல மாட்டார். விட்டவரையே கூப்பிட்டு, எல்லோருக்கும் நடுவில், சத்தமாகப் படிக்கச் சொல்வார். நடுநடுவே சம்பந்தமில்லாத ஒருவரையும் படிக்கச் சொல்வார் என்பதால், அவரும் பாவம், யாரோ விட்டது என்று நினைத்து, இங்கே இருக்கிறது சார், அங்கே இருக்கிறது சார் என்று உற்சாகமாகக் காட்டுவார். "இத விட்டவனுக்கு இருக்கறது கண்ணா, புண்ணா?" என்று கழுகு கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் ரிஜிஸ்டரைத் திறப்பார். கையெழுத்தைப் பார்த்த பிறகு, "இது நான் விட்டது" என்று அந்த ஆள் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவளைச் சின்ன டாக்டர் என்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் மாட்டினாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "அழுதா கண்ணு கலங்கும். கலங்கின கண்ணால என்னத்தம்மா பாப்ப?" என்று அதற்கும் ஒன்று சொன்னார். அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வையும் நிறுத்தி வைத்தார்.

இப்படிப்பட்டவர், தன் மனைவி மூக்கின்மேல் இருந்த கண்ணாடியை மூன்று வருடம் பார்க்கவில்லை. அது அவரை உலுக்கியது நிஜம். அதில் சந்தேகம் வேண்டாம்.

அன்றைய தபாலில்தான் அந்தக் கடிதமும் இருந்தது. நாட்டிலுள்ள மருத்துவர்கள் எல்லோரும் சேர்ந்த சங்கம் அவருக்கு வாழ்நாள் பதக்கம் கொடுக்கப்போகிறது. கூடவே அடுத்த மூன்று வருடத்துக்குத் தலைவர் பதவி. மனைவி படித்துக் காட்டிவிட்டு, "ஷோகேஸ்ல இடம் இல்ல. மேல் தட்டுல இருக்கறத உள்ள எடுத்து வைக்கணும்" என்றாள். வாராவாரம் அதிலிருந்த அவருடைய கேடயங்களைத் துடைத்து வைத்தவள் அவள்தான். எது எந்த வருடத்தது என்று அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"வேணாம்" என்றார்.

"எது வேணாம்?"

"பதக்கம் வேணாம், பதவி வேணாம், லேபும் வேணாம். போதும். மிச்சம் இருக்கற நேரம் நம்ம ரெண்டு பேருக்கும்."

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். "முதல்ல காபி ஆறுது, குடிங்க" என்றாள்.

சங்கத்துக்கு எழுதின கடிதத்தை நான்கு தடவை அடித்துத் திருத்தினார். "எனக்குப் பதக்கம் வேண்டாம், என் மாலை நேரங்கள் வேண்டும்" என்று ஒரு வரி அமைந்துவிட்டது. அதை மனைவியிடம் ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினார்.

"நல்லாருக்கு. சங்கத்துக்குத்தான எழுதறீங்க? பேப்பருக்கு இல்லையே?"

அவருக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவள் சொன்னதில் பாதி உண்மை. கடிதம் போய்ச் சேர்ந்ததும் ஆளாளுக்கு ஓடி வந்து காலைப் பிடிப்பார்கள், தலைவர் வீட்டுக்கே வருவார், நாம் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. பதில் இரண்டே வரியில் வந்தது. தங்கள் முடிவை மதிக்கிறோம், நலமாக இருக்க வாழ்த்துகள். பதக்கத்தை அவருக்கு ஆகவே ஆகாத ஒரு வழுக்கைத் தலையருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் விடவில்லை. விழா நடக்கிற வெள்ளிக்கிழமையையே தன் கடைசி நாளாகக் குறித்துக்கொண்டார். வழுக்கைத் தலையர் மேடை ஏறும்போது, அதை வேண்டாம் என்றவர் வீட்டில் மனைவியோடு இருக்கிறார் என்று நாலு பேராவது பேசிக்கொள்வார்கள் அல்லவா.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுல இருப்பேன். ஏழு மணிக் காட்சிக்கு சினிமா போறோம். டிக்கெட் எடுத்தாச்சு."

"சரிங்க" என்றாள். ஆறு மணி என்று அவர் சொல்லி அவள் கேட்பது ஆயிரத்தெட்டாவது தடவை. பிறகு, வேறு எதையோ கேட்கிற மாதிரி, "வெள்ளிக்கிழமை வரைக்கும் வர்றத எல்லாம் நீங்கதான பாப்பீங்க?" என்றாள்.

"ஆமா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

கடைசி வெள்ளிக்கிழமை லேப் காலியாகக் கிடந்தது. சின்ன டாக்டர் உட்பட எல்லோரும் விழாவுக்குப் போய்விட்டார்கள். கழுகுக்கு விடைகொடுக்க இருந்தது டைப்பிஸ்ட் அம்மா ஒருத்திதான். காலையிலிருந்து டிராயர்களைக் காலி செய்வதிலும், யாராவது போன் செய்வார்கள் என்று காத்திருப்பதிலும் பொழுது போய்விட்டது. மணி ஐந்தாகும்போது தட்டில் இருபத்திரண்டு ஸ்லைடு பாக்கி இருந்தது.

ஒழுங்காகப் பார்த்தால் ஒன்றரை மணி நேர வேலை. வீட்டுக்குப் போக அரைமணி நேரம். அப்படியே விட்டிருந்தால் திங்கட்கிழமை சின்ன டாக்டர் பார்த்திருப்பாள். உலகம் ஒன்றும் முழுகிப் போயிருக்காது. ஆனால் பாக்கி வைத்துவிட்டுப் போனான் என்று பேர் வரக்கூடாது என்பது ஒரு வீம்பு. ஆறு மணிக்கு வீட்டில் நிற்க வேண்டும் என்பது இன்னொரு வீம்பு. இரண்டு வீம்புக்கும் நடுவில் இருபத்திரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள்.

சின்ன லென்ஸிலேயே ஓட்டினார். சந்தேகம் வந்த இரண்டு மூன்றுக்குத்தான் பெரிய லென்ஸைத் திருப்பினார். பதினெட்டாவது ஸ்லைடு வயிறு. பெண், வயது ஐம்பத்தாறு, பசியில்லை, நெஞ்செரிச்சல். வீங்கிச் சிவந்த வெறும் புண் மாதிரித்தான் தெரிந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெறும் புண், பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

ஐந்து இருபத்தைந்துக்குத் தட்டு காலி. ரிஜிஸ்டரில் இருபத்திரண்டு கையெழுத்துகள், வாலை இழுத்து இழுத்துப் போட்டார்.

டைப்பிஸ்ட் அம்மா தயங்கினாள். "ரெண்டாவது கட்டம் சார்? திங்கக்கிழமை அவங்க வந்து..."

"கழுகு பாத்ததுக்கு மேல யாரும்மா பாக்கணும்?" என்று சிரித்தார். இரண்டாவது கட்டத்திலும் தானே போட்டார். முப்பது வருடத்தில் அதுவே முதல் தடவை. கடைசித் தடவையும்கூட. திங்கட்கிழமை தேதி போட்டு எல்லா ரிப்போர்ட்டையும் அனுப்பிவிடச் சொல்லிவிட்டு, சின்னப் பையன் மாதிரி படியிறங்கி ஓடினார்.

ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவி ஈரக்கையோடு, நைட்டியோடு வந்து திறந்தாள். அவர் வருவார் என்று அவள் நம்பவேயில்லை.

"நிஜமாவே வந்துட்டீங்களா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். குளித்து, புடவை கட்டி, தலை வாரிக் கிளம்ப அவளுக்கு நாற்பது நிமிடம் ஆனது. அவர் சோபாவில் உட்கார்ந்து பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். உட்காருவதற்கு முன்னால், கண்ணாடி எதுவும் கிடக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சினிமாவில் முதல் பதினைந்து நிமிடம் போய்விட்டது. இரண்டு பேருமே அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பொய் சொல்லக் கூடாது, அடுத்த சில மாதங்கள் நன்றாகவே இருந்தார்கள். அவளோடு பஸ்ஸில் போனார். எந்த பஸ்ஸில் எந்த ஜன்னல் ஓரம் வெயில் படாது என்று அவளுக்கு அத்துப்படி. கண்டக்டர்கூட அவளைத்தான் விசாரித்தார், இவர் யாரோ மாதிரி பக்கத்தில் நின்றார். சமையலறை டப்பாக்களுக்கு எல்லாம் நம்பர் ஒட்டினார். உப்பு பதினாலு, சர்க்கரை ஒன்பது. "பேர எழுதினா என்னங்க?" என்று அவள் கேட்டாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

போன் மட்டும் அடிக்கவில்லை. வழுக்கைத் தலையர் பதக்கத்தோடு நிற்கிற படம் பேப்பரில் வந்தது. வேண்டாம் என்று சொன்னவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிவெட்டப் போன இடத்தில் அவரே பேச்சைத் திருப்பி, பதக்கத்தை மறுத்த கதையைச் சொன்னார். முடிவெட்டுகிறவர், "கொடுக்கறத வாங்கிக்க வேண்டியதுதான சார்?" என்று சொல்லிவிட்டுக் கிருதாவைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

மனைவி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் போதும் என்று தட்டைத் தள்ளினாள். வயதாகிறது, பசி குறையத்தானே செய்யும் என்றாள். அவர் ஒரு நாள் அவளைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இளைச்சது உனக்கு நல்லாருக்கு. கல்யாணத்தப்ப இருந்த மாதிரியே ஆயிட்ட" என்றார். இந்த மாதிரி பேச்சு அவர் வாயிலிருந்து வருவது அபூர்வம். அவள் முகம் சிவந்துவிட்டது. பீரோவின் அடியிலிருந்து பழைய ரவிக்கை ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். தொளதொளவென்று இருந்தது.

அப்புறம் வாந்தி வந்தது. "டாக்டரப் பாக்கலாம் வா" என்றார்.

"பாத்தாச்சு. நீங்க வேலைல இருந்தப்பவே தங்கச்சியோட போய்ப் பாத்தேன். வெறும் புண்ணுதான், மாத்திரை கொடுத்திருக்காங்க."

"பயாப்ஸி எடுத்தாங்களா? எங்கிட்ட ஏன் சொல்லல? ரிப்போர்ட்டக் காட்டு."

"பெரிய ஆளு பாத்து எழுதிக் கொடுத்திருக்காரு. நீங்கதான் வேலைய விட்டுட்டீங்களே, உங்களுக்கு எதுக்கு ரிப்போர்ட்டு?" அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு இருந்தது. கல்யாணமான புதிதில் எதையாவது ஒளித்து வைத்துக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அதைத் திரும்பப் பார்த்த சந்தோஷத்தில் அவர் ரிப்போர்ட்டை மறந்தார்.

எட்டாவது மாதம் அவளுடைய தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?" என்று கேட்டாள். கழுகு டாக்டர் எதிரே, அதே சாப்பாட்டு மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், மறுபடி சதை கிள்ளினார்கள். வயிற்றில் ஆரம்பித்த புற்றுநோய் ஈரல்வரை போய்விட்டிருந்தது. மருந்து கொடுக்கலாம், பலன் இருக்காது. இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று. அங்கிருந்த டாக்டர், அவள் முதலில் போய்க் காட்டின கிளினிக்கின் பழைய சீட்டைப் பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு சொன்னார்: "எட்டு மாசம் முன்னாடியே எடுத்திருக்காங்க சார். உங்க லேப்லதான். ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்காங்க."

சீட்டில் ரிப்போர்ட் தேதியும் நம்பரும் மட்டும் இருந்தன, பார்த்தவர் பேர் இல்லை. தேதி திங்கட்கிழமை. கழுகு விலகின வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை.

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தான் வெளியே காலை வைத்த மூன்றாவது நாளே எவனோ அவர் மனைவியைக் கொன்றிருக்கிறான். துக்கத்துக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்ததும் தெம்பும் வந்தது. மனைவியைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு நேரே லேபுக்குப் போனார்.

சின்ன டாக்டர் இப்போது அவருடைய அறையில், அவருடைய நாற்காலியில் இருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். யாருடையது என்று சொல்லியே ஆஸ்பத்திரி அனுப்பியிருந்த புது ஸ்லைடில் நோயைக் கண்டதுமே, வழக்கப்படி, பழைய ஸ்லைடையும் ரிஜிஸ்டரையும் அவள் எடுத்துப் பார்த்திருந்தாள். எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டையும் டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

"இந்த நம்பர எடு" என்றார் கழுகு.

"சார், அம்மா பக்கத்துல போய் இருங்க சார். இதெல்லாம் இப்ப எதுக்கு?"

"ஒரு உயிர் போகுது. யாரம்மா காப்பாத்தப் பாக்கற?"

"யாரையும் இல்ல சார். உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"ஓ, நீ பாத்ததா? பழைய புத்தி போகலையா இன்னும்?"

சத்தம் கேட்டு எல்லோரும் வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். சின்ன டாக்டரின் முகம் மாறியது. அதுவரை அதில் இருந்த இரக்கம் போய்விட்டது. அன்று குளியலறையில் கழுவின முகம் அது, இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் காய்ந்தது.

"சரி சார். எப்படி வைக்கட்டும்? வெள்ளிக்கிழமை மாதிரியேவா?"

"அதே மாதிரி. எல்லாரும் இருக்கட்டும்."

பெரிய மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடு ஏறியது. கழுகு நடு நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற நான்கு இடங்களிலும் நான்கு பேர் கண்ணை வைத்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா மட்டும் சுவரோரமாக நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எட்டு மாதமாக அவர் மைக்ராஸ்கோப்பைத் தொடவில்லை. ஆனாலும் கண்ணை வைத்த உடனே பழைய ஆளாகிவிட்டார். "சின்ன லென்ஸுல வீக்கம் தெரியுது. வெறும் புண்ணு மாதிரி இருக்கும், ஏமாறக் கூடாது. இப்ப பெரிய லென்ஸு. பாருங்க, இதோ. செல்லுக்குள்ள இருக்கறத ஓரமா தள்ளிட்டு மோதிரம் மாதிரி உக்காந்திருக்கு, கான்சர் செல்லு. இதோ இன்னொண்ணு. இங்க மூணு. இங்க..." பதினொன்று வரை எண்ணினார். குரல் கணீரென்று இருந்தது. "இவன் பெரிய லென்ஸையே திருப்பல. திருப்பியிருந்தா நேத்து சேந்த புள்ளைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். அன்னிக்கே வயித்த அறுத்து எடுத்திருந்தா பொழச்சிருப்பா. இவனுக்கு இருக்கறது கண்ணா, புண்ணா?"

யாரும் சிரிக்கவில்லை.

"ரிஜிஸ்டர்" என்று கையை நீட்டினார்.

சின்ன டாக்டர் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். நம்பர், பெண், ஐம்பத்தாறு, வயிறு. எதிரே இரண்டு கட்டங்கள். இரண்டிலும் வால் நீண்ட ஒரே கையெழுத்து. தேதி வெள்ளிக்கிழமை.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டிருப்பார்களோ என்றுகூட யோசித்தார், பாவம். நிமிர்ந்து டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்தார்.

"நான் அன்னிக்கே கேட்டேன் சார்" என்று அவள் அழுதாள். "அப்பா பேரோட இனிஷியல் போட்டு, தங்கச்சி வீட்டு விலாசம் கொடுத்திருந்தாங்க. நம்ம அம்மான்னு எனக்கும் தெரியாம போச்சு சார்."

வழக்கப்படி அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. ஆனால் முப்பது வருடப் பழக்கம் அவர் வாயைத் தானாகத் திறந்தது.

"இது நான் விட்டது" என்றார்.

யாராவது திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. சின்ன டாக்டர் ஸ்லைடை எடுத்துத் துடைத்து, உறையில் போட்டு, "வண்டி வரச் சொல்லட்டுமா சார்?" என்றாள்.

ஆஸ்பத்திரி அறையில் மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். தங்கச்சி பக்கத்தில் இருந்து கால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வந்து நின்ற விதத்தைப் பார்த்தே மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

அவர் தலையாட்டினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாள்லேருந்தே. ரிப்போர்ட்டுல உங்க பேர்தான போட்டிருந்துது. ரெண்டு எடத்துலயும் நீங்களே பாத்ததா இருந்துது. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்திருக்காருன்னு நெனச்சேன். தங்கச்சி வேற டாக்டர்கிட்டப் போகலாம்னு எத்தனையோ சொன்னா. எங்க வீட்டுக்காரர் பாத்தாச்சுடீ, இனிமே யமனே வந்து சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்னு அவள அடக்கிட்டேன்."

தங்கச்சி அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் பேர மறைச்ச?" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க பாத்திருக்க மாட்டீங்க. வேற யார்கிட்டயாவது தள்ளிவிட்டிருப்பீங்க." மூச்சு வாங்க நிறுத்தினாள். "அதுவும் இல்லாம, வீட்டு ஆளு மேல உங்க கண்ணு படாதுங்க. மூணு வருஷம் இந்தக் கண்ணாடியே தெரியல. வெளியாளுங்களைத்தான் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாப்பீங்க. சரி, நாமளும் ஒரு நம்பரா போவோம், ஒரு தடவையாவது முழுசா பாக்கட்டும்னுதான் போனேன். நீங்க வேலைய விடறதுக்குள்ள போய்ச் சேரணும்னு அந்தக் கிளினிக் டாக்டர அவ்வளவு அவசரப்படுத்தினேன்."

"ஆறு மணிக்கு வர்றேன்னு உங்கிட்டச் சொல்லியிருந்தேன்" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவரிடம் வேறு எதுவும் இல்லை. "உனக்காகத்தான் அவசரமா..."

"தெரியும். வந்தீங்களே. அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்தீங்க." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "நான் குளிச்சு ரெடியாக நாப்பது நிமிஷம் ஆச்சு. நீங்க சும்மா உக்காந்திருந்தீங்க."

அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவள் காலருகே உட்காரப் போனார்.

"உக்காராதீங்க."

"நான் இங்கயே இருக்கேன். இனிமே முழு நேரமும் உன் பக்கத்துலதான்."

"வேணாங்க." குரலில் கோபம்கூட இல்லை. சோர்வுதான் இருந்தது. "இத்தன வருஷமா உங்களுக்கு எப்ப நேரம் கிடைக்குதோ அதுதான் என் நேரம்னு இருந்துட்டேன். இப்ப எனக்கு மிச்சம் இருக்கறது ரெண்டு மாசம். அத நான் எனக்குன்னு வச்சுக்கறேன். தங்கச்சி இருப்பா. நீங்க வீட்டுக்குப் போங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வேணாம். வரணும்னா சொல்லி அனுப்பறேன்."

அவர் அப்படியே நின்றார். அவள் கண்ணாடியைக் கழற்றி, அதன் இரண்டு கம்பிகளையும் மடக்கித் தங்கச்சியிடம் நீட்டினாள்.

"இத அவர் உக்காராத எடமா பாத்து வைடீ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.